ஆறாவது குஷன்

அவரை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டை தேய்க்கிற தொழில் அல்ல அவருடையது. ஸ்னூக்கர் மேசைக்கு இஸ்திரி போடுகிறவர். பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மேசையில் ஐந்து கற்பலகைகளை மட்டம் பார்த்துப் பொருத்தி, அதன்மேல் பச்சைத் துணியைச் சுருக்கம் விழாமல் இழுத்து அடித்து, தூரிகையால் வாரி, கனத்த இஸ்திரிப் பெட்டியால் ஒரே திசையில் நீவி விடுவது முப்பத்தொரு வருஷமாக அவர் வேலை. வீட்டில் அவருடைய சட்டைகளைத் தேய்ப்பது மனைவிதான். "ஊர்ல இருக்கிற மேசைக்கெல்லாம் இவர் இஸ்திரி, இவர் சட்டைக்கு மட்டும் நான்" என்று அவள் சொல்லும்போது அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள். வருஷங்கள் போகப் போக அவர்களே அதை அவளுக்கு முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் அவர் தரைக்கல் மெருகேற்றும் பட்டறையில் இருந்தார். ஒரு கிளப்புக்குப் புது மேசை வந்தபோது கற்பலகைகளைத் தூக்க ஆள் போதவில்லை என்று பட்டறையிலிருந்து நாலு பேரை அழைத்துப் போனார்கள். மூன்று பேர் கல்லை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இவர் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மேசை பொருத்த வந்தவர் யாருக்கும் தொழில் காட்டாத மனுஷர். துணி இழுக்கும் நேரம் வந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆகவே அந்த மனுஷர் செய்து முடித்த மேசைகளிடமே இவர் பாடம் கேட்டார். மூடிப்போன ஒரு கிளப்பில் ஈரம் பட்டு ஊறிய பழைய மேசை ஒன்று கிடந்தது. விடுமுறை நாளெல்லாம் அங்கே போய், அதன் துணியைக் கழற்றுவார், திரும்ப அடிப்பார், மறுபடி கழற்றுவார். அந்தத் துணி கந்தலாகிக் கையோடு வந்தபோது அவருக்குத் தொழில் வந்திருந்தது.

ஆட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை. கோலைப் பிடித்தால் தொடர்ந்து மூன்று பந்துக்கு மேல் குழிக்குள் போட்டது கிடையாது. "சமைக்கிறவன் எல்லாம் சாப்பிட்டுட்டா விருந்தாளிக்கு என்ன மிச்சம்?" என்பார்.

மேசைத் துணிக்கு ரோமம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சன்னமானது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் படியும், எதிராகத் தடவினால் சிலிர்த்து நிற்கும் அல்லவா, அதே கதைதான். ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கி ரோமம் படிந்திருக்க வேண்டும். வேகமாக அடிக்கிற பந்து இதையெல்லாம் மதிக்காது. ஆனால் கடைசி ஓரடியில் தயங்கித் தயங்கிப் போகும் பந்து ரோமத்தின் பேச்சைக் கேட்கும். மேசையின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் வைத்த ஆறு மரச்சட்டங்கள் இருக்கின்றன. அவைதான் குஷன்கள். குட்டைப் பக்கத்துக்கு ஒன்று, நீளப் பக்கத்துக்கு இரண்டு. அவற்றின் மேல் போர்த்தும் துணிப் பட்டைகளும் சரியான திசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குஷனில் பட்டுத் திரும்பும் பந்து சொன்ன இடத்துக்கு வராது.

மற்ற மேசைக்காரர்கள் துணியை வெட்டியதும் பின்புறத்தில் சாக்குக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். இஸ்திரி ஒருநாளும் போட்டதில்லை. "அம்புக்குறி மறந்துபோனவனுக்கு. எனக்குக் கை இருக்கு" என்பார். அது வெறும் பேச்சல்ல. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் ஒரு தரம் தொட்டால் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று சொல்லிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கை போகத் தொடங்கியது. சர்க்கரை நோய் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. முதலில் விரல்நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. கொதிக்கிற டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு, மனைவி "ஐயோ, சூடு" என்ற பிறகே கீழே வைத்தார். பெரிய டாக்டர் ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்து, "இது திரும்ப வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார். இஸ்திரி இதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் உள்ளங்கையை விரித்து ஒரு தரம் பார்த்துக்கொள்வார். நேற்றுப் போனது இன்று வந்திருக்கிறதா என்று.

தொழிலுக்கு வேறு வழி கண்டுபிடித்தார். விரல் சொல்லாததை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் சொன்னது. கன்னம் நன்றாகவே சொன்னது.

அந்த வருஷத்துப் பெரிய போட்டிக்கும் அவரைத்தான் அழைத்திருந்தார்கள். பல நாடுகளிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரும் போட்டி அது. உள்விளையாட்டரங்கில் காலிறுதி வரை இரண்டு மேசைகள். அதன்பின் ஒன்றைக் கழற்றி எடுத்துவிட்டு, மற்றதை நடுவில் வைத்து, புதுத் துணி போட வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை ஒரு பகல் ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் அரையிறுதி சனிக்கிழமை காலை.

துணைக்கு வந்தவர் மனைவியின் தம்பி. அவருக்கும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பதினாலு வருஷமாகக் கூடவே வேலை செய்கிறார். வாய் ஓயாத ஆள். மேசையின் பெரிய துணியை இழுத்து அடித்து முடித்ததும் இஸ்திரி குனிந்து கன்னத்தைத் துணியோடு வைத்தார்.

"மச்சான், மேசைக்கு முத்தம் குடுத்தது போதும். அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றார் மைத்துனர்.

"மட்டம் பாக்குறேன் மாப்பிள்ளை."

"அதுக்குத்தான் மட்டக்கோல் இருக்கே. கன்னம் எதுக்கு?"

"மட்டக்கோல் பொய் சொல்லும்."

பெரிய துணியில் குறை எதுவும் இல்லை. குஷன்களுக்கு வந்தபோது வெளிச்சம் அமைப்பவர்கள் ஏணியோடு வந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டு நின்றார்கள். ஐந்து குஷன்கள் முடிந்தன. ஆறாவது பட்டை பலகையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. மைத்துனர் அதை எடுத்து உதறி வைத்தார். எந்தப் பக்கமாக வைத்தார் என்று அவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியது அவர் வேலையும் அல்ல. இஸ்திரி பட்டையின் மேல் விரல்களை ஓட்டினார்.

"சரியா மச்சான்?"

விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றால், ஏணிக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பட்டைத் துணியை முகத்தில் வைத்து மட்டம் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது.

"சரி" என்றார் இஸ்திரி.

சட்டத்தில் துணியை மடித்து அடித்தார்கள். மேசை சரியாக இருக்கிறது என்று உறுதி சொல்லும் மேசைச் சீட்டில் இஸ்திரி கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் அரையிறுதி தொடங்கியது. ஃபிரேம் எனப்படும் தனித்தனி ஆட்டங்களில் பத்தை முதலில் ஜெயிப்பவர் இறுதிப் போட்டிக்குப் போவார். ஒரு பக்கம் இருபத்திரண்டு வயது இளைஞர். அடித்தால் பந்து குழிக்குள் விழுவதற்கு முன்பே அடுத்த பந்துக்கு நடந்துவிடுகிறவர். மறுபக்கம் இடக்கையர் என்று எல்லோரும் அழைக்கிற நாற்பத்தாறு வயதுக்காரர். ஒரு காலத்தில் கோப்பைகள் வாங்கியவர். மூன்று வருஷமாக முதல் சுற்றுகளிலேயே போய்விடுகிறார். இந்தப் போட்டியோடு ஆட்டத்தையே விட்டுவிடுவார் என்று பேச்சு இருந்தது.

ஆட்டக்காரர்கள் உள்ளே நுழையும் வாசலில், திரைக்குப் பின்னால், இஸ்திரியும் மைத்துனரும் நிற்பது வழக்கம். இடைவேளையில் மேசையை வார வேண்டும் என்பதால் வீட்டுக்குப் போக முடியாது.

மூன்றாவது ஃபிரேமில் இடக்கையர் வெள்ளைப் பந்தை மெல்ல அடித்து, இடதுபக்கக் குஷனில் பட்டுத் திரும்பி, பழுப்புப் பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்படி அனுப்பினார். அவர் ஆயிரம் தடவை அடித்த அடி. அப்படி ஒளிந்தால் எதிராளிக்கு நேராக அடிக்க ஒன்றும் மிஞ்சாது. பந்து போனது, குஷனில் பட்டது, திரும்பியது, நாலு விரற்கடை குறைவாக வந்து திறந்த வெளியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. இளைஞர் எழுந்து வந்து எழுபத்தெட்டுப் புள்ளிகள் எடுத்து ஃபிரேமை முடித்துவிட்டார்.

"கிழவர் கணக்கு விட்டுட்டாரு" என்று மைத்துனர் முணுமுணுத்தார்.

இஸ்திரி பந்தைப் பார்க்கவில்லை. இடதுபக்கத்து இரண்டு குஷன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மங்கலான வேலை விளக்குகள்தான் எரிந்தன. இன்று தொலைக்காட்சிக்காரர்களின் முழு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது, ஒரே கோடாக, ஒரே நிறமாகத் தெரிய வேண்டிய இரண்டு பட்டைகளில் கறுப்புப் பந்து முனையில் இருந்தது ஓர் இழை கருத்துத் தெரிந்தது. வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் நிழல் என்று நினைப்பார்கள். துணி திரும்பியிருந்தது.

அவர் மைத்துனரின் தோளைத் தொட்டுக் கண்ணால் காட்டினார். பதினாலு வருஷத் தொழில்காரருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

"அது நான் கீழேருந்து எடுத்து வச்சது."

"வச்சது நீ. சரின்னு சொன்னது நான்."

"மச்சான், பேசாம இருங்க. யாருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே மேசைதானே? குஷன் கோணலா இருந்தா ரெண்டு பேருக்கும் கோணல்."

அந்த வாதத்தில் தப்பு இருப்பதாக இஸ்திரிக்கு உடனே தோன்றவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. எப்படி நடந்தது என்று கேட்பார்கள். தடவிப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். தடவிப் பார்த்தேன் என்று சொன்னால், தெரியவில்லையா என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலுக்குப் பிறகு எந்தப் போட்டிக்காரரும் அவரை மேசை போடக் கூப்பிட மாட்டார். வேறு தொழில் தெரியாது, ஐம்பது வயதில் பழகிக்கொள்ள விரலும் இல்லை.

நாலாவது ஃபிரேம் தொடங்கியது. இடக்கையர் தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்தார். கோலைத் தொடைமேல் சாய்த்துவிட்டு, இடது உள்ளங்கையை விரித்து ஒரு தரம் பார்த்தார். மூடினார். மறுபடி விரித்துப் பார்த்தார்.

அந்தப் பார்வை என்னவென்று இஸ்திரிக்குத் தெரியும்.

நாலாவது ஃபிரேமை எப்படியோ இடக்கையர் ஜெயித்து இரண்டுக்கு இரண்டு ஆனது. பதினைந்து நிமிஷ இடைவேளை. மைத்துனர் தூரிகையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போக, இஸ்திரி எதிர்த் திசையில் நடந்து போட்டி இயக்குநரைத் தேடினார். அந்த அம்மாள் நடைபாதையில் வாக்கி-டாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம். மேசையில தப்பு இருக்கு."

வாக்கி-டாக்கி கீழே இறங்கியது. "என்ன தப்பு?"

"இடதுபக்கம், கறுப்புப் பந்து முனையில இருக்கிற குஷன். துணியைத் திருப்பி அடிச்சிருக்கு. ரோமம் எதிரா நிக்குது. பந்து குறைச்சலா திரும்புது."

"யார் அடிச்சது?"

"நான்."

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்லம்மா. நான்தான் பாத்தேன்."

"நேத்து நீங்க தடவிப் பாத்துட்டுத்தானே சீட்டுல கையெழுத்துப் போட்டீங்க?"

"தடவினேன். தெரியல. விரல்ல உணர்ச்சி இல்லம்மா. ரெண்டு வருஷமாச்சு. தெரியலைன்னு தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

தூரிகையோடு திரும்பி வந்த மைத்துனர் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டார்.

இயக்குநர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க இதைப் போட்டியெல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"எனக்கு இருந்திருக்காதும்மா."

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒண்ணேகால் மணி."

பதினைந்து நிமிஷத்தில் ஆகாது. காலைப் பகுதியில் இன்னும் நாலு ஃபிரேம்கள். அவை முடிந்து மாலை நாலு மணிக்கு அடுத்த பகுதி தொடங்குவதற்குள் செய்துவிடலாம். அதுவரை ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. நடுவர் அழைக்கப்பட்டார். வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலேயே வந்து கேட்டுவிட்டு, இரண்டு ஆட்டக்காரர்களையும் நடைபாதைக்குக் கூட்டி வந்தார். இயக்குநர் விஷயத்தைச் சொன்னார். யார் செய்த தப்பு என்பதை அவர் விட்டுவிட்டார். இஸ்திரியே முன்னால் வந்து சொன்னார்.

இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தப் பந்து குறைச்சலா வந்ததை நான் பார்த்தேன். அதுக்கப்புறம் அந்தக் குஷன் பக்கமே நான் போகல."

ஒரே மேசைதான். ஆனால் ஒருவர் விழுந்து தெரிந்துகொண்டார், மற்றவர் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மைத்துனரின் வாதத்தில் இருந்த ஓட்டை இஸ்திரிக்கு இப்போதுதான் விளங்கியது.

"ரூல் விட்டா அந்த ஃபிரேமைத் திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார் இளைஞர்.

"விடாது" என்றார் நடுவர். "முடிஞ்சது முடிஞ்சதுதான்."

இடக்கையர் அதுவரை இஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று இஸ்திரி எதிர்பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

"அப்ப அது என் கை இல்லையா?" என்றார் இடக்கையர்.

"இல்லீங்க. மேசை."

பக்கத்தில் தொழில் சாமான்கள் வைக்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. இடக்கையர் அதன்மேல் உட்கார்ந்தார். "இந்த வருஷம் இதே மாதிரி நாலு தடவை குறைஞ்சிருக்கு. மத்த மூணும் என் கைதான். இது இல்லைன்னு தெரிஞ்சதே போதும்." பிறகு எழுந்து, "சொன்னதுக்கு நன்றி" என்றார். கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னார்.

அதன்பின் நாலு ஃபிரேம்கள், இரண்டு பேரும் அந்தக் குஷன் பக்கம் போகாமலே ஆடினார்கள். யாரோ நோயாளி அங்கே படுத்துத் தூங்குவதுபோல இருந்தது. வர்ணனையாளர்களுக்கு இது என்ன புது உத்தி என்று புரியவில்லை. காலைப் பகுதி நாலுக்கு நாலில் முடிந்தது.

அரங்கம் காலியானதும் இருவரும் குஷனைக் கழற்றி முக்காலிகளின் மேல் வைத்தார்கள். மைத்துனர் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைசி ஆணியும் வந்த பிறகு, "ரெண்டு வருஷம். என்கிட்டகூடச் சொல்லல" என்றார்.

"சொன்னா நீ சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பே."

"பேச்சை மாத்தாதீங்க மச்சான்."

இஸ்திரி பையைத் துழாவி ஒரு சாக்குக்கட்டியை எடுத்தார். லெவல் குறிக்க வைத்திருந்தது. அதை மைத்துனர் பக்கம் நீட்டினார். "புதுப் பட்டையை நீ தடவிப் பாரு. பாத்துட்டு அம்புக்குறி போடு."

மைத்துனர் துணியைத் தடவினார். "இந்தப் பக்கம் படியுது."

"நிச்சயமா?"

"என் கை என்ன உங்க கையா?" என்று வழக்கமான நக்கலில் சொல்லிவிட்டு மைத்துனர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டு துணியின் பின்புறத்தில் அம்புக்குறி போட்டார். தேவைக்கு மேல் பெரிதாக, இரண்டு தடவை அழுத்திப் போட்டார்.

மூன்றேகாலுக்கு வேலை முடிந்தது. இஸ்திரி வாசலில் போய் நின்று, எல்லா விளக்குகளையும் போடச் சொல்லி, இடதுபக்கத்தைப் பார்த்தார். இரண்டு பட்டைகளும் ஒரே நிறம். மேசைச் சீட்டில் மைத்துனர் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் இடக்கையர் நன்றாகவே ஆடினார். பல வருஷமாக அவரிடம் பார்க்காத ஆட்டம் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை அதே குஷனில் அதே அடியை, மெல்ல, வேண்டுமென்றே அடித்தார். பந்து போய்ப் பழுப்புப் பந்துக்குப் பின்னால் சரியாக ஒளிந்துகொண்டது. வாசல் திரையை நோக்கி அவர் ஒருமுறை தலையசைத்தார்.

அப்படியும் தோற்றார். பத்துக்கு எட்டு.

திரைக்குப் பின்னால் மைத்துனர், "ரெண்டு ஃபிரேம் வித்தியாசம். அந்த ஒண்ணு கிடைச்சிருந்தாலும் தோத்துத்தான் இருப்பாரு" என்றார்.

"அந்த ஒண்ணு அவர் பக்கம் போயிருந்தா இந்தப் பையனுக்கு ஒண்ணு குறையும் மாப்பிள்ளை. ஒன்பதுக்கு ஒன்பது."

"அப்படியெல்லாம் பாக்கக் கூடாது."

"வேற எப்படிப் பாக்குறது?"

ஒன்பதுக்கு ஒன்பது ஆகி, பத்தொன்பதாவது ஃபிரேம் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னதால் போன ஃபிரேம் திரும்பி வரவில்லை. வராது என்று சொல்லும்போதே இஸ்திரிக்குத் தெரியும்.

இயக்குநர் அவரைத் தேடி வந்தார். "இனிமே இறுதிப் போட்டி வரைக்கும் மேசையை உங்க மாப்பிள்ளை பாத்துக்கட்டும். கையெழுத்தும் அவரே போடட்டும்" என்றார்.

"சரிம்மா."

அடுத்த வருஷத்தைப் பற்றி அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. போகத் திரும்பியவர் நின்று, "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உக்காந்து ஆட்டம் பாத்திருக்கீங்களா?" என்றார்.

"நிக்கத்தான் நேரம் இருந்துச்சு."

"ரெண்டு சீட் எழுதி வைக்கிறேன். வீட்டுல கூட்டிட்டு வாங்க."

இறுதிப் போட்டியன்று காலை, இஸ்திரி கண்ணாடி முன்னால் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். கொஞ்ச காலமாக அவருடைய சட்டைகளில் சாதாரணப் பொத்தான்களை எடுத்துவிட்டு, அழுத்தினால் பொருந்துகிற பிரஸ் பட்டன்களை வைத்துத் தைத்திருந்தாள். புதுசாக ஏதோ செய்து பார்க்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "விரல்ல உணர்ச்சி இல்ல. ரெண்டு வருஷமா."

"தெரியும்."

"தம்பி சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? பின்ன சட்டைக்கெல்லாம் பிரஸ் பட்டன் எதுக்கு வச்சேன், அழகுக்கா?"

அவர் கண்ணாடியில் தன் சட்டையைப் பார்த்தார். காலரிலிருந்து கீழே வரை ஏழு. இத்தனை நாளாகத் தினமும் இவற்றை அழுத்தியிருக்கிறார். ஒருநாளும் யோசிக்கவில்லை.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்." அவள் அவருடைய கைமடிப்பில் கடைசிப் பட்டனை அழுத்திவிட்டாள். அது 'டிக்' என்று பொருந்திய சத்தம் இருவருக்கும் கேட்டது. "வாங்க, நேரமாச்சு."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் மேசை சின்னதாகத் தெரிந்தது. கால்களை எங்கே வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மைத்துனர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேசையை வாரினார். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து முனை வரை, நிற்காமல், ஒரே இழுப்பில் நீவினார். திரும்பி வரும்போது பெட்டியைத் துணியில் வைக்காமல் தூக்கிக்கொண்டே வந்தார்.

"அவன்கூட நல்லாத்தான் தேய்க்கிறான்" என்றாள் மனைவி.

"தோளை இன்னும் கொஞ்சம் இறக்கணும்."

விளக்குகள் முழுசாக எரிந்தன. மைத்துனர் வாசல் திரைக்குப் போய், வழக்கமாக இருவரும் நிற்கும் இடத்தில் தனியாக நின்றார். அங்கிருந்து கூட்டத்தில் தேடி, மூன்றாவது வரிசையைக் கண்டுபிடித்து, புருவத்தை உயர்த்தினார்.

இஸ்திரி முன்னால் சாய்ந்து மேசையைப் பார்த்தார். இடதுபக்கத்து இரண்டு பட்டைகளையும் முனையிலிருந்து முனை வரை பார்த்தார். வலதுபக்கத்தையும் பார்த்தார். அவசரப்படவில்லை. நடுவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் பந்தை வைக்கப் போகும்வரை பார்த்தார். பிறகு மைத்துனரை நோக்கி ஒருமுறை தலையசைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.